வாசற்படியில் கிடந்த வேடியப்பன்

அந்த ஓட்டலைக் கட்டி முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் நூறு வருஷத்துப் பழசாகத் தெரியவேண்டும் என்று ஆள் வைத்து அழுக்காக்கியிருந்தார்கள். புதுச்சுவரில் அங்கங்கே பூச்சைக் கொத்திவிட்டுச் செங்கல்லைக் காட்டியிருந்தார்கள். அரிக்கேன் விளக்குக்குள் சீரோ வாட் பல்பு. முன்மேசையில் பாடாத கிராமபோன் ஒன்று, பேசாத டெலிபோன் ஒன்று. பரிமாறுகிறவர்களுக்கு ஜமீன் வீட்டு வேலைக்காரர்கள் மாதிரி தலைப்பாகையும் இடுப்பில் சிவப்புத் துணியும் கட்டிவிட்டிருந்தார்கள். அந்தக் கடற்கரைப் புழுக்கத்தில், பாவம், தலைப்பாகைக்குள்ளிருந்து வேர்வை ஒழுக ஒழுகக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் வீட்டின் பழசை மறைக்கத்தான் சுண்ணாம்பு அடிப்போம். இங்கே புதுசை மறைக்கச் செலவு செய்திருக்கிறார்களே என்று உள்ளே நுழைந்ததுமே எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பென்னாகரத்தில் என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருந்தார். அந்த வருஷம் எங்கள் ஜில்லாவிலேயே அதிக மூட்டை விற்றவர் என்று உரக்கம்பெனிக்காரர்கள் பரிசு கொடுத்தார்கள். மெட்ராசுக்குத் தெற்கே, கடலோரத்தில், மொத்தமே எட்டு அறை உள்ள அந்த ஓட்டலில் புருஷன் பெண்டாட்டிக்கு மூன்று நாள் தங்கல். எட்டு அறையும் தனித்தனிக் குடில். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. கம்பெனி ஆபீசர் ஒருவரும் எங்களோடு வந்து தங்குவதாக ஏற்பாடு. மொரப்பூர் பக்கத்து ஏஜென்சியையும் என் வீட்டுக்காரருக்கே தருவதா வேண்டாமா என்பது அந்த ஆபீசர் கையில் இருந்தது.

அதனால் மொரப்பூரில் ரயில் ஏறும்போதே எனக்கு உபதேசம் ஆரம்பமாகிவிட்டது. "அங்க வந்து வாயத் தொறக்காத. மூணு நாளு சிரிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்" என்றார். என்னை அவருக்குக் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் பயந்ததில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதல் நாள் நான் வாயைத் திறக்கவேயில்லை. கடலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு குடத்துக்கு எவ்வளவு சண்டை என்பது எனக்குத் தெரியும். கட்டிலில் ஏறுவதற்கே முக்காலி போட்டிருந்தார்கள். அதிலிருந்து இரண்டு தடவை நான் விழப் பார்த்தேன். அதற்குக்கூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் நான் மட்டும் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தேன். குடிலுக்கு ஒரே வாசல்தான். வாசல் பக்கத்தில் பித்தளை அண்டாவில் தண்ணீரும் சொம்பும் வைத்திருந்தார்கள். மணல் காலோடு வருகிறவர்கள் வாசற்படிக் கல்மேல் நின்று காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போகவேண்டும். முந்தின நாளிலிருந்து நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். அன்றைக்குச் சொம்பு நிறைய எடுத்துக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன். மணல் கரைந்து ஓடியது. தண்ணீர் கல்லில் இருந்த பள்ளங்களில் நின்றது. ஏதோ கோடு மாதிரி இருக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். என் இடது குதிகாலுக்குக் கீழே ஒரு முகம்.

துள்ளி மணலில் இறங்கினேன். இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினேன். பக்கவாட்டுக் கொண்டை. முறுக்கு மீசை. ஒரு கையில் வில், இன்னொரு கையில் குத்துவாள். தொடையில் அம்பு தைத்து நிற்கிறது. காலடியில் ஒரு மாடு. வேடியப்பன்! எங்கள் வேடியப்பன்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும், புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கும் கல் நட்டார்கள். செத்தவன் பேர் இப்போது யாருக்கும் தெரியாது. எல்லாருமே வேடியப்பன்தான். அங்கேதான் பொங்கல் வைப்போம், கெடா வெட்டுவோம், பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்குவோம். என் மகனுக்கும் அப்படித்தான் இறக்கினோம். பொய்ச் சத்தியம் பண்ண மட்டும் அங்கே யாரும் துணிய மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட சாமியை மல்லாக்கப் படுக்கப்போட்டு, ஊரில் இருக்கிறவன் எல்லாம் முகத்தின்மேல் நின்று கால் கழுவுகிறான். நானும் கழுவியிருக்கிறேன். ஒருமுறை இல்லை, நாலு முறை. அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். காலை வைக்கப் போனவரை, "மிதிக்காதீங்க!" என்று நான் கத்தின கத்தலில் அப்படியே நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"வேடியப்பனுங்க! கீழ பாருங்க!"

பார்த்தார். அவருக்கும் முகம் மாறியது. இல்லையென்றால் நான் அவரை மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் அடுத்த நிமிஷமே ஆபீசரின் குடில் பக்கம் எட்டிப் பார்த்தார். "கத்தாத புள்ள. நாளைக்குக் கெளம்பிடப் போறோம். ஓரமாத் தாண்டிக்கலாம். ஆபீசர் காதுல வுழுந்தா என்னா நெனப்பாரு?"

"ஓரமாத் தாண்டறதா? நம்ம புள்ளைக்கு முடி எறக்குன சாமிய ஓரமாத் தாண்டறதா? இந்தக் கல்ல எடுக்கற வரைக்கும் நான் உள்ள வரமாட்டன். இங்கயேதான் ஒக்காந்திருப்பன்."

சொன்னபடி மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே, நான் வெளியே, நடுவில் சாமி.

அந்தப் பக்கமாகப் போன வேலையாளிடம் மேனேஜரைக் கூட்டிவரச் சொன்னேன். பட்டணத்து மனிதர், நல்ல மரியாதைக்காரர்தான். வெயிலில் ஷூவும் டையும் போட்டிருந்தார். அவர் மரியாதைதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"மேடம், அது துணி துவைக்கிற கல். தர்மபுரி பக்கத்துலேருந்து கல்தூண் லோடோட வந்தது. வியாபாரி துவைக்கிற கல்லுன்னு சொல்லித்தான் குடுத்தார்."

"துவைக்கிற கல்லுக்கு மீசை இருக்குமா சார்?"

அவர் குனிந்து பார்த்தார். "பழைய காலத்து வேலைப்பாடு மேடம். அதனாலதான் வாசல்ல போட்டோம். வர்ற கெஸ்ட் எல்லாரும் ரசிக்கிறாங்க. போட்டோகூட எடுத்துக்கறாங்க."

"காலக் கழுவிட்டா, கழுவறதுக்கு முன்னாடியா?"

முதலாளியைக் கேட்கவேண்டும், முதலாளி பம்பாயில் இருக்கிறார், அடுத்த மாதம் வருவார் என்றார். வேண்டுமானால் எங்களுக்கு வேறு குடில் தருவதாகவும் சொன்னார். அதாவது நான் மிதிக்கவேண்டாம், எனக்குப் பின்னால் வருகிறவன் மிதிக்கட்டும்! எவ்வளவு பெரிய மனசு!

இதற்குள் ஆபீசரும் வந்துவிட்டார். கையில் செய்தித்தாள். என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்றபடியே அவரைப் பார்த்துச் சிரித்தார். வாழ்நாளில் நான் பார்த்த பரிதாபமான சிரிப்பு அது. "என்னய்யா, சம்சாரம் வெளியில உக்காந்திருக்காங்க?" என்று ஆபீசர் கேட்டார். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீசர் செய்தித்தாளை நாலாக மடித்துக்கொண்டே, "கல்லுக்கா இவ்ளோ கலாட்டா?" என்றார்.

கத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. இவர்களுக்கு அது கல். கல்லாக இருக்கிற வரைக்கும் மிதிப்பார்கள். கடலில் குளித்துவிட்டுப் பூசிக்கொள்ளலாம் என்று காலையில் மஞ்சளைப் பையில் எடுத்துப்போயிருந்தேன். அதை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். வேடியப்பன் முகத்தில், மார்பில், வில்லில், காலடி மாட்டில், எல்லாவற்றிலும் அழுத்திப் பூசினேன். அதே பையில் இருந்த குங்குமத்தை நெற்றியில் வைத்தேன். வேலியில் பூத்திருந்த அரளியைப் பறித்துக் காலடியில் வைத்தேன். எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை.

பிறகு நடந்ததைத்தான் பார்க்கவேண்டும். காலைப் பலகாரத் தட்டோடு வந்த தலைப்பாகைக்காரர் வாசலுக்கு ஐந்தடி தள்ளியே நின்றுவிட்டார். மஞ்சளைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், தட்டை மணலிலேயே வைத்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றிக் கும்பிட்டார். பெருக்க வந்த அம்மாள் விளக்குமாற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சமையற்காரர் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார். "சும்மா கல்லுய்யா, உள்ளே கொண்டு போ" என்று மேனேஜர் சத்தம் போட்டார். "நீங்க மொதல்ல போங்க சார்" என்றார் சமையற்காரர்.

மேனேஜர் போகப் பார்த்தார். அதையும் சொல்லவேண்டும். ஒரு காலைத் தூக்கினார். ஷூ கல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. பிறகு அந்தக் காலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கடப்பாறை எடுத்துட்டு வாங்கப்பா" என்றார். பம்பாய் முதலாளியைக் கேட்கவேண்டிய அவசியம் அதற்குப் பிறகு வரவில்லை.

நாலு பேர் சேர்ந்து கல்லை நெம்பி எடுத்தார்கள். நிலைப்படியிலிருந்து குதித்து என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொடுத்தார். சவுக்குத் தோப்பு ஓரமாகக் குழி வெட்டி வேடியப்பனை நிமிர்த்தி நட்டார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. மொரப்பூர் ஏஜென்சி வேறு ஒருவருக்குப் போனது. "உங்க சம்சாரத்தை வெச்சு சமாளிக்கறதே உங்களுக்குப் பெரிய வேலை" என்று ஆபீசர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். என் வீட்டுக்காரர் ரயிலில் அதை எனக்குச் சொன்னார், கோபம் இல்லாமல்தான் சொன்னார். எனக்கும் வருத்தம் இல்லை. ஜெயித்துவிட்டு வருகிறேன் என்கிற திமிர்தான் இருந்தது.

அந்தத் திமிரோடு அடுத்த வாரமே நல்லம்பள்ளிப் பக்கத்தில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போனேன். ஊரில் கிடைத்தவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னேன். மேனேஜர் காலைத் தூக்கி நின்றதை நடித்தும் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. சாயங்காலம் நானும் அவரும் வயலுக்குப் போனபோதுகூட நான் அதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். "அந்த ஊர்க்காரங்களுக்குச் சாமி எது, படிக்கட்டு எதுன்னுகூடத் தெரியலப்பா."

எங்கள் வயலுக்குப் போக ஏரி வாய்க்காலைத் தாண்டவேண்டும். குறுக்கே மூன்று நீளக் கல் போட்டிருக்கும். ஓரக் கல் இரண்டிலும் வண்டிச் சக்கரம் போகும். நடுக் கல்லில் மாடும் மனிதரும் போவார்கள். அந்தக் கல்மேல் நடந்துதான் பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கும் அதைத் தாண்டி வரப்பில் ஏறியிருந்தேன். அப்பா பின்னால் நின்றுவிட்டார்.

"பாப்பா, அந்த நடுக் கல்லும் அதான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி. வாய்க்காலுக்கு நீட்டமா ஒரு கல்லு பத்தல. ஏரிக்கரையில பூசை இல்லாம ஒண்ணு சாஞ்சு கெடந்துச்சு. நாலு பேரு சேந்து கொண்டாந்து போட்டோம்."

"தெரியாமயாப்பா போட்டீங்க?"

"தெரிஞ்சுதான். அதான் மொகத்தக் கீழ வெச்சுக் கவுத்துப் போட்டோம்."

செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கினேன். தண்ணீர் முழங்கால்வரை இருந்தது. குனிந்து கல்லுக்கு அடியில் கையை விட்டேன். பாசி வழுக்கியது. வழுக்கலுக்குள் ஒரு பாதம் தட்டுப்பட்டது. அதற்கு மேலே முட்டி. இடுப்பு. இடுப்பில் சொருகின கத்தியின் பிடி. முகம்வரைக்கும் என் கை எட்டவில்லை.

பட்டணத்து மேனேஜர் ஷூக் காலைத் தூக்கிவிட்டு வைக்க முடியாமல் நின்றாரே, அவர் மேல் நான் அவ்வளவு ஆத்திரப்பட்டேனே! அவருக்குத் தெரியாது. தெரிந்தவுடன் எடுத்துவிட்டார். அப்பாமேல் எனக்கு வந்த கோபம் அதைப்போல நூறு மடங்கு. ஆனால் மணலில் உட்கார்ந்து உலகத்தைக் கூட்டிய வாய் ஒட்டிக்கொண்டது.

"எடுத்துடலாம்பா" என்று மட்டும் சொன்னேன். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னேன்.

அப்பா வயலைப் பார்த்தார். "கதிரு முத்திப்போச்சு. இப்ப எடுத்தா வண்டி எப்படிப் போவும்? அறுப்பு முடியட்டும், பாக்கலாம்."

அதற்குப் பிறகு எத்தனையோ அறுப்பு முடிந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போதும் நான் தண்ணீரில் இறங்கித்தான் வந்தேன். சேலை முட்டிக்கு மேலே நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. வரப்பில் நான் மறந்துவிட்டு வந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பா கல்மேலேயே நடந்து வந்தார்.