வாயை மூடும் வைத்தியம்

போன ஞாயிறு மதியம் தார்நாகாவில் தோழி ரேவதி வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வாசலிலேயே கண்டிஷன் போட்டாள். ‘‘நிலா பேசறப்போ நீ வாயைத் திறக்கக் கூடாது, சரியா?’’

யாரிடம்? வாராவாரம் உங்களிடம் வளவளக்கிற என்னிடம்!

நிலா அவள் மகள். ஒன்பது வயது. சில மாதங்களுக்கு முன் போலாரத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் தலையில் அடி. காயம் ஆறிவிட்டது, ஓடுகிறாள், குதிக்கிறாள். பேச்சுதான்... நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்லப் போனால் வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கிலும் இந்தியிலும் படபடவென்று பதில் சொன்ன வாயாடி அவள்! பழையபடி பேசுவாளா என்ற கவலையில் ரேவதிக்குத் தூக்கமே போய்விட்டது.

அந்தக் கவலையில் வீடே சேர்ந்து ஒரு தப்பு செய்தது. நிலா ‘‘எனக்கு... அது...’’ என்று ஆரம்பித்தால் போதும் — அம்மா தமிழில், அப்பா சுந்தர் இங்கிலீஷில், காலேஜ் போகும் அண்ணன் இந்தியில் என்று ஆளுக்கொரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பார்கள். டி.வி. க்விஸ் தோற்றது! குழந்தை களைத்துப்போய் எதற்காவது தலையாட்டிவிடுவாள். பாசம்தான், வேறென்ன?

ஸ்பீச் தெரபிஸ்ட் இதைக் கவனித்துவிட்டார். ‘‘எந்த பாஷையா இருந்தாலும் பரவால்ல. அவளே தேடி எடுக்கட்டும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க’’ என்றார்.

சும்மா இருப்பதா? நம் வீடுகளிலா?

சாப்பிட உட்கார்ந்தோம். ரேவதி பொரியல் பரிமாற வந்தாள். நிலா தட்டைக் கையால் மறைத்தாள். ‘‘அம்மா... எனக்கு...’’

சுந்தர் அப்பளத்தை வாயில் அடைத்துக்கொண்டார். அண்ணன் ஃபேனைப் பார்த்தான். என் நாக்கு நுனியில் நாலு வார்த்தைகள்... பல்லைக் கடித்துக்கொண்டேன்.

‘‘எனக்கு... கத்... கத்திரிக்காய்... நக்கோ. டெய்லி... கைக்கு?’’

இந்த ஊர் இந்தியில், வேண்டாமாம். தினமும் எதற்காம்!

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. முன்பொரு நாள் அந்த க்விஸ்ஸில் யாரோ ‘‘கத்திரிக்காயா?’’ என்று கேட்க, ஆளை விட்டால் போதும் என்று தலையாட்டியிருக்கிறாள். குழந்தை ஆசைப்பட்டாளே என்று அன்று முதல் தினமும் அதே பொரியல்.

ரேவதி கரண்டியோடு நின்று சிரித்தாள், அப்படியே அழுதாள். ‘‘நக்கோடி செல்லம், இனிமே நக்கோ!’’ என்று மகளைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முழுசாக ஒரு பேச்சு... அதுவும் கம்ப்ளெயின்ட்! வாயாடி திரும்பி வருகிறாள் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சந்தடி சாக்கில் சுந்தரும் ‘‘எனக்கும் நக்கோ’’ என்றார். அவர் தட்டில் இன்னொரு கரண்டி விழுந்தது!