போர்மேன் கண்ணுச்சாமியின் படகு மோட்டார்

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி, மூன்று மணி நேரம் குலுங்கி, தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும். நடுவில் கால் நனைக்கிற இடம் என்று எங்களுக்கு இருப்பது ஊர்க் கண்மாய் ஒன்றுதான். அதுவும் பத்து வருஷத்தில் எட்டு வருஷம் ஆடு மேய்கிற இடம். இப்படிப்பட்ட ஊரில், எதிர்வீட்டுக் கண்ணுச்சாமி ஒரு படகு மோட்டாரைச் சாக்கில் சுற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றி, மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் தெருவுக்குள் கொண்டுவந்தான்.

பட்டாசுக் கம்பெனி வேனை விட்டு அப்போதுதான் இறங்கிய பக்கத்து வீட்டு முத்துமாரி, தூக்குவாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது, கிரைண்டரா?"

"படகு மோட்டாரு."

"படகு எங்க?"

"கண்மாயில கெடக்கு."

"தண்ணி?"

"அதுவும் அங்கனதான் கெடக்கு. போய்ச் சோலியப் பாரு."

கண்ணுச்சாமிக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த பாவம் என்னைச் சேரும். தெரியாது என்கிற வார்த்தையை அவன் வாயில் வரவழைக்க எந்தப் பிரம்பாலும் முடியவில்லை. காந்தம் எதையெல்லாம் இழுக்கும் என்று கேட்டால் வெண்டைக்காயையும் சேர்த்துச் சொல்வான். அப்படிப்பட்டவன் வளர்ந்து ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்தான் என்றால், அந்தக் கம்பெனியின் அதிர்ஷ்டத்தைத்தான் சொல்ல வேண்டும்.

போர்மேனுடைய வேலை, சுருங்கச் சொன்னால், தீப்பொறி பிறக்காமல் பார்த்துக்கொள்வது. இரும்புச் சுத்தியல் உள்ளே வரக் கூடாது, பித்தளையும் மரமும்தான். செருப்பு கூடாது, கொலுசு கூடாது, செல்போன் கூடாது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஏதாவது சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்காமல் வெளியே ஓட வேண்டும். ஓடச் சொல்ல அவன் கழுத்தில் ஒரு பித்தளை விசில் தொங்கும். அந்த விசிலுக்கு ஊரில் பாதிப்பேர் பழகியவர்கள். சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஊதினால்கூட, தக்காளியைப் போட்டுவிட்டு வெட்டவெளியைப் பார்த்து ஓடுவார்கள்.

அந்த விசிலால் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. ஒருநாள் மதியம் யாரோ எவர்சில்வர் டிபன் மூடியைக் கல்தரையில் போட்டுவிட்டார்கள். கண்ணுச்சாமி விசிலை ஊதிவிட்டான். நாற்பது பேர் முள்ளுக்காட்டுக்குள் ஓடி, அரைநாள் வேலை கெட்டுப்போனது. வெடித்தது முதலாளியின் வாய் மட்டும்தான். அன்றிலிருந்து அவன் 'டிபன்மூடி'. கம்பெனி மூடி ஒரு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் மூடவில்லை. விசிலையும் அவன் கழற்றவில்லை. வீட்டில் காபி தாமதமானால் ஊதுவான். மனைவி ராமுத்தாய் வேறொரு கம்பெனிக்கு விடிகாலை வேனில் போகிறவள். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

இந்த வருஷம் மழைக்குப் புத்தி பிசகி, கண்மாய் நிறைந்துவிட்டது. மீன் குத்தகையை வெளியூர்க்காரர் சங்கரபாண்டியன் எடுத்தார். குஞ்சு விட்ட நாளிலிருந்து அக்கரையில் திருட்டு வலை விழுகிறது. கரை வழியாகச் சுற்றிப் போய்ச் சேருவதற்குள் திருடன் மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக் கைகழுவியிருப்பான். எங்கோ வாங்கிய பழைய பைபர் படகு ஒன்று அவரிடம் இருந்தது, மோட்டார் இல்லை. கண்ணுச்சாமி போய், தான் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து பூட்டுவதாகவும், காவல் வேலையைத் தனக்கே தர வேண்டுமென்றும் கேட்டான். சங்கரபாண்டியன் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

"ஓட்டிக் காட்டுங்க அண்ணாச்சி. தைப்பொங்கல் கழிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். ஓடுச்சுன்னா காவல் ஒங்களுக்கு. ஓடலைன்னா திங்கக்கெழமை தூத்துக்குடியில இருந்து மோட்டாரோட ஆளு வந்துருவான்."

ஒரு வருஷமாகத் தெருவில் சும்மா உட்கார்ந்திருக்கிற போர்மேனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதற்காகச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

பழைய இரும்புக் கடைக்காரன் "தொடச்சுப் போட்டா ஓடும்" என்று சொல்லி அந்த மோட்டாரைத் தள்ளிவிட்டிருந்தான். திறந்து பார்த்தால், பிஸ்டன் சிலிண்டரோடு சம்பந்தம் பேசி ஒட்டிப்போயிருந்தது. உள்ளேயிருந்து ஒரு நண்டு வெளியே நடந்து வந்து, வெயிலைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. ராமுத்தாய் அது நண்டின் ஓடு மட்டும்தான் என்கிறாள். அவளுக்குக் கதை சொல்ல வராது.

மண்ணெண்ணெயை ஊற்றி எட்டு நாள் ஊறவைத்தான். பிறகு மரச்சுத்தியலால் தட்டித் தட்டிப் பிஸ்டனை இறக்கினான். ஸ்பேனர் முதல் சுத்தியல் வரை எல்லாம் பித்தளை, மரம். கம்பெனி மூடும்போது கையோடு கொண்டுவந்தவை. நானும் கேலி செய்தேன். ஆனால் சிவகாசிப் பட்டறைக்காரன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, இரும்புச் சுத்தியலால் அடித்திருந்தால் அந்தப் பழைய அலுமினியம் அப்பளமாயிருக்கும் என்றான். சில பேருடைய கிறுக்கு சில நேரம் உதவிவிடுகிறது.

கழற்றிய சாமான்களை அடையாளம் வைக்க, அச்சில் கெட்டுப்போன தினசரிக் காலண்டர் ஒன்றைத் தாள் தாளாகக் கிழித்து ஒட்டினான். முதலில் கழற்றியது ஒன்றாம் தேதி, அடுத்தது இரண்டாம் தேதி. ரிங்குக்கு அஷ்டமி, கார்புரேட்டருக்குப் பிரதோஷம். திரும்பப் பூட்டும்போது தேதியைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் போதும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். கடைசியில் ஏழாம் தேதி மட்டும் கையில் மிஞ்சியது. அது ஒரு வாஷர்.

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்" என்று அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்த முற்றத்துக்குள் நுழைய ராமுத்தாய் வளையலைக் கழற்ற வேண்டும். அடுப்பெரிந்தால் மோட்டார் வேலை கிடையாது. மோட்டார் வேலை நடந்தால் சோறு கிடையாது. நாலு மூலையிலும் மணல் வாளி. இந்த மோட்டாருக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் கலவையை அவன் வெறுங்காலோடு, பருத்தி வேட்டி கட்டிக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் பட்டாசு மருந்து கலக்குவதுபோல் கலக்கினான். முத்துமாரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "மதினி, ரசம் தாளிக்கவும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

எல்லாம் பூட்டியாயிற்று. இனிமேல்தான் வேடிக்கை. பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருக்கோடியில் வைத்துவிட்டு வந்தான். கயிற்றை இழுத்தான், நீலப்பொறி ஜோராகத் தெறித்தது. "பொறி ஓகே." பிறகு பிளக்கைக் கழற்றி வீட்டுக்குள் பெட்டியில் பூட்டிவிட்டு, கேனைத் திரும்பக் கொண்டுவந்தான். குழாயை மாட்டினான், கார்புரேட்டரில் பெட்ரோல் சரியாக நிறைந்தது. "பெட்ரோல் ஓகே." இரண்டையும் சேர்த்து வைத்து இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அதைத்தான் அவன் செய்யவில்லை.

அந்த மோட்டாருக்குள் நிமிஷத்துக்கு நாலாயிரம் தடவை பெட்ரோலும் பொறியும் சந்திக்க வேண்டும். அப்படி ஒரு சந்திப்பு நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் அவன் முப்பது வருஷம் சம்பளம் வாங்கினான்.

மோட்டாரின் விசிறி தண்ணீருக்குள் சுற்ற வேண்டும் என்று, குழாய்த் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்மை நிரப்பி அதில் மோட்டாரை நிறுத்தியிருந்தான். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற தெரு இது. திங்கள் போனது, செவ்வாய் போனது. சனிக்கிழமை சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்த ராமுத்தாய்க்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. கையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க, டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எதிர்வீடு என்பதால் எனக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை.

"இழுக்கீகளா, இல்ல டிரம்ம எடுக்கட்டுமா?"

"இழுக்கத்தான் போறேன். ஆயில் எறங்கட்டும்."

"திங்கக்கெழமையில இருந்து எறங்குது."

"நல்ல நேரம் பாக்கணும்லா."

"நீங்க ஒட்டின தாள்லயே போட்டிருக்கு. இப்பம் நல்ல நேரந்தான்."

அவன் கயிற்றைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான். அவன் அதிகாரமாகப் பேசித்தான் கேட்டிருக்கிறேன். இது நான் கேட்டே இராத குரல்.

"கை வரமாட்டேங்குது, ராமுத்தாயி."

அவள் சிரிக்கவில்லை. நாளெல்லாம் மருந்துக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு வருகிறவள். "தள்ளுங்க, நான் இழுக்கேன்" என்று கயிற்றுக்குக் கையை நீட்டினாள். அவன் மறித்தான்.

"இங்கன வேணாம். சுத்தி நாலு குடும்பம் இருக்கு. நாளைக்குக் கண்மாயில வச்சு இழுக்கேன். சுத்தித் தண்ணி."

"நானும் படகுல வாரேன். ஒத்தையில விட்டா இப்படியே கயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீக."

ஞாயிற்றுக்கிழமை ஊரே கரையில். கம்பெனி லீவு, வேறு பொழுதுபோக்கும் இல்லை. சங்கரபாண்டியன் குடை பிடித்து நின்றார். நாலு பேர் மோட்டாரைத் தூக்கிப் படகில் பூட்டினார்கள். கண்ணுச்சாமி இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் விசில். ராமுத்தாய் வளையலைக் கழற்றி முத்துமாரியிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாள். கம்பை ஊன்றி ஐம்பது அடி தள்ளிப் போனார்கள்.

"டிபன்மூடி அண்ணே, மணி பத்தாச்சு" என்று கரையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு. ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று. கரையில் சிரிப்பு. பயத்தில் அவன் பெட்ரோலை அதிகமாக விட்டிருக்கிறான். நாலாவது இழுப்பில் மோட்டார் ஒரு வெடி வெடித்தது பாருங்கள், எங்கள் ஊர் அணுகுண்டுப் பட்டாசுகள் வெட்கப்பட்டுத் திரியைச் சுருட்டிக்கொண்டன. கண்ணுச்சாமியின் வாய்க்கு விசில் எப்படிப் போனதென்று அவனுக்கே தெரியாது. ஊதிவிட்டான்.

அடுத்த நிமிஷம் கரையில் ஒரு ஜீவன் இல்லை. இருநூறு பேர், செருப்பைப் போட்டது போட்டபடி, வேலிக்கருவேல முள்ளுக்குள் பாய்ந்துவிட்டார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று தெரியாத சங்கரபாண்டியனும் குடையோடு கூட ஓடினார். ராமுத்தாய் படகிலிருந்தே குதித்துவிட்டாள். குதித்த பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் அவள் இடுப்புக்குத்தான் இருந்தது.

கண்ணுச்சாமிக்கும் கால் துடித்தது. ஆனால் அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆழம் எவ்வளவு என்பதும் தெரியாது. விசில் ஊதிவிட்டு ஓடாமல் உட்கார்ந்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உட்கார்ந்து பார்த்தான். புகை கலைந்தது. மோட்டார் முழுசாக இருந்தது, கை இரண்டும் இருந்தது, மீசையும் இருந்தது. ராமுத்தாய் தண்ணீருக்குள் நின்றபடியே முந்தானையைப் பிழிந்துகொண்டு அவனையே பார்த்தாள்.

"அம்புட்டுத்தான வெடிச்சது. இழுங்க."

இழுத்தான். மோட்டார் பிடித்துக்கொண்டது. அரிசி மில் ஒன்று தண்ணீரில் இறங்கியதுபோல் அலறிக்கொண்டு படகு அக்கரையைப் பார்த்துப் பறந்தது. திரும்பியது. மறுபடி போனது. நன்றாகத்தான் ஓடியது, அதை நான் மறைக்கவில்லை. நிறுத்துகிற பொத்தானைத் தொட அவனுக்குத் துணிவில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்ரோல் தீரும் வரை, முக்கால் மணி நேரம், கண்மாயை வளைத்து வளைத்து வந்தான். முள்ளை எடுத்துக்கொண்டு திரும்பிய ஊர் மொத்தமும் உட்கார்ந்து பார்த்தது. படகு நின்ற இடத்துக்கு ராமுத்தாய்தான் தண்ணீருக்குள் நடந்துபோய் இழுத்து வந்தாள்.

அதற்குள் அக்கரைக்குப் போயிருந்த குத்தகைக்காரருடைய ஆள் ஒருவன் இரண்டு வலையும் ஒரு கூடைக் கெண்டையும் சுமந்து வந்தான். பட்டப்பகலில் அங்கே மீன் அள்ளிக்கொண்டிருந்த ஆட்களும் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள்தாம்போல. மோட்டார் கிளம்புவதற்கு முன்னாலேயே, விசில் கேட்டதும் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள்.

சங்கரபாண்டியன் வலையைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், கண்ணுச்சாமியின் கழுத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, காவல் ஒங்களுக்குத்தான். நாளைக்கே வந்துருங்க. மோட்டார் வீட்டுலயே இருக்கட்டும், பெட்ரோலுக்கு யாரு காசு குடுக்க? அந்த விசில மட்டும் மறக்காமக் கொண்டாங்க."

கண்ணுச்சாமி மோட்டாரை மறுபடி சாக்கில் சுற்றினான். முத்துமாரி வளையலைத் திருப்பிக் கொடுத்தாள். ராமுத்தாய் அதைப் போட்டுக்கொண்டே, "இதத் தெரிஞ்சிருந்தா நண்ட அங்கனயே நிம்மதியா இருக்க விட்டிருக்கலாம்" என்றாள். அப்படியானால் நண்டு உயிரோடுதான் இருந்திருக்கிறது.

இப்போது அவன் தினமும் கரையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் ஊதுகிறான். டிரம் ராமுத்தாய்க்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் குழாயில் தண்ணீர் வருகிற நாளில், அவள் துவைக்கப் பிடிப்பதற்கு முன்னால், மோட்டாரை அதில் இறக்கி ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறான். கண்ணை மூடாமல் இழுக்கிறான், பொத்தானை அமுக்கி நிறுத்தவும் செய்கிறான். முதல் தடவை தெருவே வெளியே ஓடியது. இப்போது யாரும் எழுந்திருப்பதில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.