கடாரத்துக்கு ஆள் இல்லை

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் மலையை விட்டு இறங்க வேண்டும். ரிங்லெட் தாண்டித் தாப்பா வரை வளைவுகளில் குடல் புரண்டு, அங்கிருந்து லூமுட் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் கடல் மேல் இருந்த ஆசையே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு கப்பற்படை கட்டினேன். பகலில் ஆலையில் கொழுந்து வாட்டும் வேலை. மாலையில் கம்ப்யூட்டர் முன்னால் சோழர் படைக்குத் தளபதி, தச்சன், கொல்லன் எல்லாம் நான்தான்.

அது ஒரு பழைய வீடியோ கேம். வரலாற்றில் இருந்த நாடுகளை வைத்துக் கடலில் சண்டை போட வேண்டும். விளையாடுகிறவர்கள் தாங்களே புதிதாக ஒரு நாட்டைச் செய்து அதில் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. நான் சோழரைச் சேர்த்தேன். அடிப்பதற்கு யாராவது வேண்டுமே என்று கடாரத்தையும் சேர்த்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கப்பல் வரைவதுகூடச் சுலபம். பலத்தைச் சமன் செய்வதில்தான் உயிர் போகும். பெரிய கப்பல் நடுத்தரக் கப்பலை நொறுக்க வேண்டும், நடுத்தரக் கப்பல் சின்னப் படகுகளை விரட்ட வேண்டும், சின்னப் படகுகள் கூட்டமாகப் போய்ப் பெரிய கப்பலைக் கொளுத்த வேண்டும். ஒன்றின் வேகத்தைத் துளி கூட்டிவிட்டாலும் எல்லாரும் அதையே கட்டிக் குவிப்பார்கள், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். சாம்பாரில் உப்பு கூடிவிட்டதென்று தண்ணீர் ஊற்றி, தண்ணீராகிவிட்டதென்று பருப்பைக் கொட்டி, கடைசியில் தவலை நிறையச் சாம்பாரோடு முழிப்பார்களே, அப்படி மாதக்கணக்கில் முழித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தோட்டத்துப் பொது மண்டபத்தில் ஆட்டம் நடக்கும். எங்களுக்கு அது டேவான். அங்கே இருக்கும் பெரிய டிவியில் கம்ப்யூட்டரை இணைத்து, ஆளுக்கொரு மௌஸ் வைத்துவிடுவோம். ஆலையில் ஃபிட்டராக இருக்கும் தம்பியும், கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றும் லோரிக்காரத் தம்பியும்தான் வழக்கமான வீரர்கள். இருவருக்கும் சோழன்தான் வேண்டும். காசு சுண்டிப் போட்டுத் தோற்றவன் பாகற்காய் தின்ற முகத்தோடு கடாரத்தை எடுப்பான். எடுத்த கையோடு எல்லாப் படகுகளையும் நடுக்கடலுக்கு அனுப்பி மூழ்கடித்துவிட்டு, “முடிஞ்சிச்சி, அடுத்த ஆட்டம்” என்பான்.

நான் கடாரத்துப் படகுகளின் விலையைக் குறைத்தேன். வேகத்தைக் கூட்டினேன். அம்புகள் இன்னும் தூரம் பாயட்டும் என்று விட்டேன். படகுகள் கிட்டத்தட்டப் பறந்தன, ஆனாலும் ஏற ஆள் வரவில்லை.

“வரலாத்துலயே தோத்துட்டானுங்க அண்ணே. நான் எதுக்கு லா மறுபடியும் தோக்கணும்?” என்றான் லோரிக்காரன்.

ஃபிட்டர் இன்னும் ஒரு படி மேலே போனான். தீபாவளிக்குள் ஒரு ஆட்டமாவது ஆட்டம் மாதிரி நடக்கவில்லையென்றால், டேவான் டிவியில் இனிமேல் கால்பந்து கேம்தான் என்று சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையில் அது பயம். இரண்டு பேர்கூட உட்கார்ந்து விளையாடாத கப்பற்படையை நான் யாருக்காகக் கட்டினேன்?

என் மனைவி சுங்கைப்பட்டாணிக்காரி. கெடா மாநிலம், அதாவது அந்தக் காலத்துக் கடாரம். இது எனக்குத் தெரியாத செய்தியா என்ன? திருமணத்துக்கு வேன் வைத்துக்கொண்டு போன ஊர். ஆனாலும் அந்த ஊரும் இந்தக் கடாரமும் என் மண்டையில் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை. அவளும் கேம் பக்கமே வந்ததில்லை. அந்த ஞாயிறு, சோறு ஆறிப்போகிறதென்று என்னைக் கூப்பிட வந்தவள் டிவியில் இருந்த வரைபடத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இது மெர்போக் ஆறுதானே?”

“ஆமா.”

“இத்தன நாளா எங்க ஊரையா அடிச்சிக்கிட்டிருக்கீங்க?”

அதற்குள் லோரிக்காரன் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டான். கடாரத்தைக் கைகழுவியதில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி. அவள் உட்கார்ந்து ஒரு படகைத் தொட்டாள். அது உறுமியது. ஃபிட்டர் தன் சோழக் கப்பலைத் தொட்டான். அது “ஆணை அரசே” என்றது.

“அவங்க ஆளு அழகா பேசறான். எங்க ஆளுக்கு வாய் இல்லையா?”

வாய் இல்லைதான். சோழருக்குக் கோயில் திருவிழாவில் மைக் பிடிக்கிறவரைக் கெஞ்சிக் குரல் பதிவு செய்திருந்தேன். புலிக்கொடியைப் புள்ளி புள்ளியாக வரைந்திருந்தேன். கடாரத்துக்குக் கேமில் ஏற்கெனவே கிடந்த கொள்ளைக்காரர்களின் உறுமலையும் ஒரு சாம்பல் நிறத் துணியையும் ஒட்டியதோடு சரி. எண்களையெல்லாம் சமன் செய்த எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

அவள் கடலுக்கு வரவில்லை. ஆற்று முகத்துவாரத்தில், அலையாத்திக் காட்டுக்குள் படகுகளை ஒளித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். ஃபிட்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் பெரிய கப்பல்களை ஆற்றுக்குள் விட்டான். அவை மெதுவாகின, பிறகு நின்றேவிட்டன. ஆழமில்லாத இடத்தில் பெரிய கப்பல் சேற்றில் சிக்கும் என்று ஆரம்பத்தில் நானே ஒரு விதி போட்டிருந்தேன். கடாரத்துக்காரர்கள் எல்லாரும் நடுக்கடலுக்கு வந்து செத்துக்கொண்டிருந்ததால் யாருமே அந்தச் சேற்றைப் பார்த்ததில்லை. இப்போது காட்டுக்குள்ளிருந்து சின்னப் படகுகள் வந்தன. டிவி முழுக்க நெருப்பு.

“அண்ணே, சேறு ரொம்ப ஓவர் லா. சோழன் கப்பல் வீக்கா இருக்கு, ஏத்திக் குடுங்க.”

இந்தப் புகாருக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன். காதில் தேன் பாய்ந்தது.

லோரிக்காரன் முன்னால் வந்தான். “அண்ணி, அடுத்த ஆட்டம் நான் கடாரம்.”

“போ தம்பி, இது என் ஊரு.” அவள் மௌஸை விடவில்லை.

“நீங்களும் தமிழ்தானே அண்ணி? சோழன் நம்மாளு இல்லையா?” என்றான் ஃபிட்டர். தோற்ற எரிச்சல் அவனுக்கு.

“நம்மாளுதான். யாரு இல்லன்னா? ஆனா நான் பொறந்தது இந்தக் கரையில. நீயும்தான். வந்து எறங்குற கப்பல்லயே எத்தன காலத்துக்கு உக்காந்திருப்ப?”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், பார்வை டிவியில்தான் இருந்தது. எனக்குத்தான் சுருக்கென்றது. நான்கு தலைமுறையாக இந்த மலையில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் பக்கம் என்று நான் கட்டியதெல்லாம் வெளியிலிருந்து வருகிற கப்பல்கள். ஃபிட்டர் தலையைச் சொறிந்தான்.

அந்த வாரமே கடாரத்துக்குக் கொடி வரைந்தேன். நிறம் சரியில்லை என்று திரும்பத் திரும்ப மாற்ற வைத்தாள். குரலும் அவளுடையதுதான். இன்ஷூரன்ஸ் விற்க வருகிறவர்களிடம் வாசலில் பேசுவாளே, அந்தக் குரல். படகைத் தொட்டால், “யாரது? என்ன வேணும்?”

தீபாவளியன்று டேவானில் நிற்க இடமில்லை. கால்பந்து கேமைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கடாரத்து மௌஸ் அவளிடம். ஃபிட்டரும் லோரிக்காரனும் அவளுக்கு இரண்டு பக்கமும் முறுக்கோடு உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சோழனுக்கு ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் நான் உட்கார்ந்தேன்.

புலிக்கொடி பறக்க என் படை முகத்துவாரத்துக்கு வந்தது. டிவி கேட்டது: “யாரது? என்ன வேணும்?”

“இந்த ஊரு மாப்பிள்ளை,” என்றேன்.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மாப்பிள்ளைன்னா கப்பல வெளியவே விட்டுட்டு நடந்து வாங்க. சோறு போடறோம்.”

டேவான் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே கப்பலைத் திருப்பப் பார்த்தேன். அது ஏற்கெனவே சேற்றில் நின்றுகொண்டிருந்தது.