நாலாம் நம்பர் கதவில் சிவப்புத் துணி

சலேத் அக்காவைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். குறை சொல்லும் உரிமை கெலமங்கலத்தில் எனக்கு மட்டும்தான். பல வருஷமாக ஒரே லைன் வீட்டில் சுவருக்குச் சுவர் குடியிருக்கிறோம். அவள் வீட்டில் மாதா படம் தொங்குகிற சுவரின் இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தஸ்தகீர் சட்டை மாட்டுகிற ஆணி இருக்கிறது. அவள் ஜெபம் சொல்வது எனக்குக் கேட்கும். நான் தஸ்தகீரைத் திட்டுவது அவளுக்குக் கேட்கும்.

அவள் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தவள். பொறுமை, தாழ்ச்சி, கீழ்ப்படிதல் மூன்றையும் அங்கே வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவளும் வாய்ப்பாட்டை மறக்காத பிள்ளை. எதிர்வீட்டு நாராயணம்மா குழாயடியில் இவள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைப்பாள். இவள் "நீ புடிச்சிக்கம்மா" என்று ஒதுங்கி நிற்பாள். நான் விடமாட்டேன்.

"என்னாத்துக்கு இப்படி விட்டுக் குடுக்கற? தலைமேல ஏறி உக்காந்துக்குவாக்கா."

"உக்காரட்டும் தாஹிரா. ஏறுனவ என்னைக்காச்சும் எறங்கித்தான ஆகணும்."

இப்படிப்பட்டவளிடம் என்ன பேசுவது? நாராயணம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைத்தவள் இவள்தான். அதன் பிறகு நாராயணம்மா குடத்தைத் தள்ளுவதில்லை. அதைப் பார்த்து நானே கொஞ்சம் வாயைக் குறைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் உத்தனப்பள்ளி போகிற வழியில் இருக்கும் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை பார்த்தோம். பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகைகள், பாலிஹவுஸ் என்போம். நான் பேக்கிங் ஷெட்டில். அவள் பூ வெட்டும் பெண்களுக்கு சூப்பர்வைசர். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ், மீதிப் பேருக்குக் கன்னடம், தெலுங்கு, இப்போது இந்திக்காரப் பெண்களும் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் புரிகிற ஒரே பாஷை சிவப்புத் துணி. செடிக்கு மருந்து அடித்தால் அந்தப் பாலிஹவுஸ் கதவில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். மறுநாள் காலை வரை யாரும் உள்ளே போகக் கூடாது. கட்டுவதும் அவிழ்ப்பதும் சூப்பர்வைசர் கை. துணி இல்லாத கதவு என்றால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு முந்தின வாரம் எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாது. ஊர் உலகத்துக் காதலெல்லாம் எங்கள் முதுகில்தான் ஏறும். அன்றும் அப்படித்தான். பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டி வாசலில் நிற்கிறது, பெட்டி நிறையவில்லை. நாலாம் நம்பரில் பூ தளதளவென்று நிற்கிறது, ஆனால் காலையில்தான் மருந்து அடித்திருந்தார்கள். மேனேஜர் பிரதாப் ஓடி வந்திருக்கிறார்.

"சலேத், காத்து நல்லா அடிக்குது, ஸ்மெல்லே இல்ல. அந்தத் துணிய எடுத்துடுங்க. பத்து நிமிஷ வேலை."

அக்கா தயங்கியிருக்கிறாள். "சார், நாளைக்குத்தானே..." என்று இழுத்திருக்கிறாள். அதற்கு மேல் பேச அவளுக்கு வாய் வரவில்லை. மேலே இருக்கிறவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று படித்த பிள்ளை அல்லவா! துணியை அவிழ்த்து ஓரமாகப் போட்டுவிட்டு, ஆள் கூட்டிவர மூன்றாம் நம்பருக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள், துணி இல்லாத கதவைப் பார்த்த பாப்பம்மா தனியாக உள்ளே போய்விட்டாள். எங்கள் பண்ணையிலேயே கை வேகம் பாப்பம்மாவுக்குத்தான். மூன்றாம் நம்பரில் யாரும் இல்லாமல் அக்கா தனியாகத் திரும்பி வந்து பார்க்கும்போது அவள் பாத்தி நடுவில் வாயில் நுரையோடு கிடந்தாள்.

ஆளைத் தூக்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தபோது, பிரதாப் அந்தத் துணியை எடுத்து மறுபடி கதவில் கட்டினார். ஓடி வந்த நாங்கள் எல்லாரும் பார்த்தது கட்டிய துணியைத்தான். அவர் கட்டியதைப் பார்த்தது அக்கா ஒருத்திதான்.

அந்த ஆளை நான் முழுக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஒருவன் போனில் கத்திக்கொண்டிருந்தான். சாயந்திரம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "விஷயம் வெளிய போனா பண்ணைய மூடிடுவாங்க. முந்நூறு பேர் வீட்டுக்குப் போகணும். நீங்க ஜெபம் பண்றவங்க, நாலு குடும்பம் நல்லா இருக்கணும்னுதானே நெனப்பீங்க? அந்தம்மாவுக்கு சரியாயிடும்" என்றாராம். அக்கா பேசாமல் வந்துவிட்டாள். இது ஒன்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பாப்பம்மா உயிர் பிழைத்தாள். ஆனால் வலது கை நடுக்கம் நிற்கவே இல்லை. துணியைக்கூடப் பார்க்காமல் நல்ல பேர் வாங்குகிற ஆசையில் உள்ளே போனவள் என்று பண்ணையில் அவளை நிறுத்திவிட்டார்கள். பெண்களும் அதையே பேசினார்கள், நானும் பேசினேன். அவள் புருஷன் திம்மராயன் வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம், "கண்ண எங்க வெச்சிருந்தா இவ?" என்பார். கடைசியில் அவளே அதை நம்பத் தொடங்கிவிட்டாள். தெருமுனையில் நின்று வருகிற பஸ்ஸின் போர்டைத் தூரத்திலிருந்து படித்துப் பார்ப்பாள். மகள் யுவஸ்ரீயை விரலை நீட்டச் சொல்லி எண்ணுவாள். கிருஷ்ணகிரியில் கண்ணையும் காட்டிவிட்டு வந்தாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குதாம் தாஹிரா. அப்ப மூளதான் போயிருச்சி. அத்தாம் பெரிய செகப்புத் துணி, கண்ணுக்கு நேரா தொங்குது, தெரியலன்னா பாரேன்" என்று சிரித்தாள்.

அக்கா வாரத்தில் பல நாள் அவள் வீட்டுக்குப் போனாள். சோறு கொண்டுபோனாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், துணி துவைத்துப் போட்டாள். இந்த வருஷம் எங்கள் நோன்பும் அவர்களுடைய நாற்பது நாள் தவக்காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கின. நான் கொடுத்த நோன்புக் கஞ்சியைக்கூட அவள் தொடாமல் தூக்கோடு பாப்பம்மாவுக்கு எடுத்துப்போனாள். "சாப்பிடுக்கா, எலும்பாப் போயிட்ட" என்று நான் திட்டினால், "தவக்காலம் இல்லியா" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இவள் நிஜமாகவே சோறு கொண்டுபோய்க் கொடுத்துச் செய்துகொண்டிருந்தாள். அதில் என் கஞ்சியும் சேர்த்தி.

ஊர் சும்மா இருக்குமா? வேறு சாமி கும்பிடுகிற பெண்ணை இப்படிக் கூடப்பிறந்தவள் போலப் பார்க்கிறாளே என்று மெச்சிய பேச்சு அவள் கோயில் வரை போனது. பெரிய வியாழன் அன்று அவர்கள் கோயிலில் ஒரு சடங்கு உண்டு. இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, ஃபாதர் பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்து, மண்டியிட்டு அவர்கள் காலைக் கழுவித் துடைப்பார். இந்தத் தடவை அந்தப் பன்னிரண்டு பேரில் அக்காவையும் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவள் பேரைச் சொல்லியே ஃபாதர் பாராட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் முகம் சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் முகம் மாதிரி இருந்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல!

வியாழக்கிழமை சாயந்திரம் குழாயடியில் உட்கார்ந்து கல்லால் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் கழுவப்போகிற காலை முதலிலேயே கழுவிக்கொண்டு போவதுதான் அவர்கள் வழக்கமாம்.

"அழுக்கில்லாத கால கழுவறதுக்கு எதுக்குக்கா ஃபாதரு?" என்று கேட்டேன்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோயிலுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் பாப்பம்மா வந்து உட்காருகிறாள்! மஞ்சள் பூசிக் குளித்து, நல்ல சேலை கட்டி, நடுங்குகிற கையை இன்னொரு கையால் மடியில் அழுத்திக்கொண்டு. அக்காவிடம்கூடச் சொல்லவில்லையாம்.

"எனக்கு இத்தன செஞ்சவளுக்கு மரியாத பண்றாங்க, நான் பாக்காம இருப்பனா? மனசு சுத்தமா இருக்கறவங்களுக்குத்தான் இதெல்லாம் கெடைக்கும் தாஹிரா."

ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் நாற்காலியில் தொடங்கினார். அக்கா ஐந்தாவது நாற்காலி. நிமிர்ந்து பார்த்தவள் கண்ணில் பாப்பம்மா பட்டுவிட்டாள். பாப்பம்மா சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டினாள், அந்த நடுங்குகிற கையை. ஃபாதர் நாலாவது ஆளை முடித்து அக்காவின் முன்னால் மண்டியிட்டார். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் என்னவோ மெதுவாகச் சொன்னார். இவள் எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நடுவழியில் நடந்து வந்து பாப்பம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வெளிய வா பாப்பம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்றோம். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கி கதவுல துணி இல்ல. நீ பாக்காமப் போகல. துணியே இல்ல. நான்தான் அவுத்தேன். நீ விழுந்த பின்னாடி பிரதாப் சார் எடுத்துக் கட்டினாரு. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

பாப்பம்மா அக்காவிடம் இல்லை, என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

எனக்கு அக்காவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அக்கா அதற்குள் பாப்பம்மாவின் காலில் விழப்போனாள். பாப்பம்மா பாம்பைக் கண்டவள் போலக் காலை இழுத்துக்கொண்டாள்.

"கால தொடாத. நீ பாட்டுக்கு கால்ல விழுந்துட்டா நான் அப்பறம் வாயத் தொறக்க முடியுமா? எந்திரி."

அக்கா எழுந்தாள்.

"நீ குடுத்த சோறு பூரா தின்னனே. என் வூட்டுக்காரன் என்னைய குருடின்னு சொல்றப்ப நீ பக்கத்துலயே உக்காந்து எண்ண தேச்சிவுட்டியே. எப்படி முடிஞ்சிது உனக்கு?"

"பயம் பாப்பம்மா. முந்நூறு பேருக்காகன்னு சொல்லிக்கிட்டேன். எனக்காகத்தான்."

"எங்கிட்ட சொன்னா பத்தாது. காலையில பண்ணை வேன் வர்ற எடத்துல வந்து சொல்லு. அத்தன பேரு முன்னாடி சொல்லு" என்றாள் பாப்பம்மா. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு முழுக்க நான் அக்காவோடு பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபச் சத்தமும் கேட்கவில்லை. ஒரு வார்த்தைதான் விடிந்ததும் கேட்டேன். "உண்மைய சொல்லணும்னு உங்க சிஸ்டருங்க சொல்லிக் குடுக்கலியா?"

"குடுத்தாங்க. அதுதான் இருக்கறதுலயே சுலபம்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

பெரிய வெள்ளி அவர்களுக்குக் கோயிலை விட்டு அசையாத நாள். அவள் வேன் நிற்கிற இடத்துக்கு வந்தாள். திம்மராயனும் பாப்பம்மாவும் தள்ளி நின்றார்கள். கோயிலில் சொன்ன அதே வார்த்தைகளை அக்கா கூடுதல் குறைவு இல்லாமல் சொன்னாள். பூ வெட்டுகிற கருப்பாயி தரையில் காறித் துப்பினாள். இன்னொருத்தி, "பண்ணைய மூடிட்டா சோறு நீ போடுவியா?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினாள். திம்மராயன் தலையைக் குனிந்துகொண்டார். துப்பிய கருப்பாயிதான் பிறகு, "ஏறு பாப்பம்மா" என்றாள். டிரைவர் பக்கத்து சீட் எப்போதும் சூப்பர்வைசருக்கு. பாப்பம்மா அதில் ஏறி உட்கார்ந்தாள். அக்கா ஏறவில்லை. நான் ஏறினேன், ஜன்னல் வழியாக அவளைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு ஆபீசர்கள் வந்தார்கள், விசாரித்தார்கள். அக்கா அவர்களிடமும் சொன்னாள். பிரதாப் பண்ணையை விட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு வேலை போனது. பண்ணை மூடவில்லை. இப்போது அவள் ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். நான் அவளோடு பேசத் தொடங்க ரொம்ப நாள் ஆனது. பாப்பம்மா இன்னும் பேசவில்லை. என் கஞ்சித் தூக்கை யுவஸ்ரீயிடம் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் வழக்கம். தூக்கு வெறுமையாகத்தான் வந்தது. அக்கா திறந்து பார்த்துவிட்டு, "நியாயம்தான்" என்று மூடினாள்.

பாப்பம்மாவால் இனிக் கத்தரி பிடிக்க முடியாது. ஆனால் சிவப்புத் துணியை அவளைத் தவிர வேறு யார் அவிழ்த்தாலும் உள்ளே போக மாட்டோம் என்று பெண்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதனால் இப்போது அது அவள் வேலை. கை நடுங்குவதால் முடிச்சு சீக்கிரம் அவிழாது. உதவிக்கு யாரையும் விடமாட்டாள். வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும், அவள் அவிழ்த்து முடிக்கிற வரை நாங்கள் எல்லாரும் நிற்கிறோம்.