பதாகையில் மிஞ்சிய சொல்

யாகப்பர் பாஸ்டரை இலுப்பைக்கடவைக்கு அனுப்பிய மிசன் கந்தோர் கொழும்பில் இருந்தது. வடக்குக் கடலோரத்து மக்களுக்கு என்ன தேவை என்பதை அங்கிருந்தே தெளிவாகக் காணக்கூடியவர்கள் அதில் வேலை பார்த்தார்கள். 2013இல் அவர்கள் கண்டது, ஆவணி விடுமுறையில் மாணவருக்கு இரண்டு நாள் தியான முகாம். அது சரிவராவிட்டால் பாஸ்டர் குடும்பத்தை வேறு ஊருக்கு மாற்ற வேண்டிவரும் என்று மேற்பார்வையாளர் தொலைபேசியில் மிக அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னபடியால் மறுத்துப் பேச வழியில்லாமற் போயிற்று.

பாஸ்டர் இதைக் கடவுளின் சித்தத்துக்கு விட்டார். அவருடைய மனைவி அன்ரோனெற் விடவில்லை. வங்காலையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இவரைக் கட்டியதால் சபை மாறி, பிறகு இவரோடு ஊர் ஊராக மாறியவர் அவர். போன இடமெல்லாம் முருங்கைக் கொப்பு நட்டு, அது காய்க்கும் முன்னரே பெட்டி கட்டியவர். இங்கே முருங்கை காய்த்துவிட்டது. மகள் எடித்துக்கும், கோபம் போட்டுத் திரும்பக் கதைக்குமளவுக்கு நீடித்த சிநேகிதிகள் முதன்முறையாகக் கிடைத்திருந்தார்கள். இனிப் பெட்டி கட்டுவதில்லை என்று அன்ரோனெற் கடவுளிடம் கேட்காமலே முடிவெடுத்திருந்தார்.

இடைஞ்சல்கள் வரிசை தப்பாமல் வந்தன. சோளகக் காற்று பந்தல் படங்கைக் கிழித்துப் பனைகளுக்கு உடுத்திவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்த பேச்சாளர் செங்கண்மாரியில் படுத்துவிட்டார். இரவல் கேட்டு வைத்திருந்த ஜெனரேற்றர் ஒரு செத்தவீட்டுக்குப் போய், அங்கேயே பழுதாகிவிட்டது. அன்ரோனெற் படங்கைத் தைத்தார்; பேச்சாளரின் இடத்தில் கணவரை நிறுத்தினார்; மன்னாரில் கடை வைத்திருந்த ஜுனைதீன் நானாவிடம் பெற்றோல்மக்ஸ் விளக்குகள் வாங்கிவந்தார்.

எல்லாம் சரிவந்த பிறகுதான் பிள்ளைகள் இல்லை என்பது தெரியவந்தது.

ஒருவரும் மறுக்கவில்லை. பாஸ்டர் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்து, "ஓம் பாஸ்டர், பாப்பம்" என்றார்கள். அந்த ஊரில் 'பாப்பம்' என்றால் பார்க்கப்போவதில்லை என்று பொருள். பாஸ்டர் அதை வேதசாஸ்திரச் சிக்கலாக எடுத்துக்கொண்டு, மதம் மாற்றும் நோக்கம் தமக்கில்லை என்பதற்கு நீண்ட விளக்கமொன்றைத் தயாரித்தார். நல்ல விளக்கம், ஒருவரும் கேட்காத கேள்விக்கு.

அன்ரோனெற் கரையில் மீன் வாங்கப் போனபோது லூசியாவைப் பிடித்தார். லூசியாவின் மகள் எடித்தோடு படிப்பவள். ஏன் பிள்ளையை விடவில்லை என்று நேரே கேட்டார்.

"உங்கட சமயத்தில ஒரு குறையும் இல்லை, பாஸ்டரம்மா. ஆனா பதாகையில முகாம் எண்டல்லோ போட்டிருக்கிறியள்."

"அதுக்கென்ன?"

"சண்டை முடியச் செட்டிகுளம் முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள, வாசல்ல ஆமி நிக்க, இருந்து வந்தனாங்கள். வாசல்ல ஆரம்மா நிப்பினம் எண்டு அவள் என்னட்டைக் கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?"

சண்டைக் காலத்தைத் தெற்கே மிசன் வீடுகளில் கழித்தவர் அன்ரோனெற். முகாம் என்றால் அவருக்குப் பாட்டும் பாயாசமும்தான். வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

விஷயத்தைக் கேட்ட பாஸ்டர், அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் தியானம் என்று மட்டும் போடலாம் என்றார். குசினிக்குள் இருந்த எடித் அதற்கும் தடை போட்டாள்.

"தியானமெண்டா ஒருத்தரும் வராயினம், அப்பா. தவக்காலத்தில கோயில்ல வைச்ச தியானத்தில நாள் முழுக்க வாய் திறக்க விடேல்லையாம்."

ஆக, ஒரு சொல் தாய்மாருக்கு ஆகாது, மற்றது பிள்ளைகளுக்கு ஆகாது. அன்ரோனெற் வெள்ளைப் பெயின்ற் எடுத்துவந்து, கொழும்பிலிருந்து அச்சடித்து வந்த பதாகையில் இரண்டையும் அழித்தார். 'மாணவர்' மட்டும் மிஞ்சியது.

"இஞ்சரும், இப்ப இதில ஒரு அர்த்தமும் இல்லையே," என்றார் பாஸ்டர்.

"பிழையான அர்த்தமும் இல்லைத்தானே."

பிறகு அன்ரோனெற்றே வீடு வீடாகப் போனார். கலியாணவீட்டுக்கு வருகிற மாதிரி வந்து, பிள்ளைகள் இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகட்டும் என்றார். படலைவரை வந்து வழியனுப்பிய தாய்மாரிடம், "நீங்களும் வாங்கோவன்" என்றும் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார்.

அவர்கள் அதைப் பேச்சுக்கு எடுக்கவில்லை. பிள்ளைகளோடு தாய்மாரும், தாய்மாரோடு கைக்குழந்தைகளும், தேங்காய்த் திருவலைகளும், கருவாட்டுப் பொதிகளும் வந்து சேர்ந்தன. லூசியா கதிரை ஒன்றை இழுத்து மிசன் வளவுப் படலையடியில் போட்டு, முதல்நாள் காலை முழுவதும் அங்கேயே இருந்தார். மத்தியானம் அவரே கதிரையை விட்டெழுந்து வெங்காயம் வெட்டப் போனார். மகள் அதைக் கவனிக்கவில்லை, பந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

பாஸ்டர் பேச எடுத்துக்கொண்ட பொருள், தனிமையில் கடவுளைத் தேடுவது. திருவலைச் சத்தத்துக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவில் நின்று அவர் தனிமையைப் புகழ்ந்தார். பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. எழுந்து போனவரும் இல்லை.

இரண்டாம் நாள் மேற்பார்வையாளர் வந்திறங்கினார். இவர்களெல்லாம் மாணவர்களா என்று கேட்டார். பாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர், ஆகவே இருமினார். அதற்குள் லூசியா வந்தவரை இருத்தி, சோறு போட்டு, பாரைக் குழம்பை ஊற்றினார்.

"இவையளை மாத்தப்போறியளாம். மெய்யோ?"

இன்னும் முடிவாகவில்லை என்றார் அவர்.

"அப்ப முடிவெடுங்கோ," என்று லூசியா இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

அவர் சாப்பிட்டார். கை கழுவும்போது, அடுத்த ஆண்டு இதை மூன்று நாளாக்கலாமா என்று மெல்லக் கேட்டார். அன்ரோனெற் பாஸ்டரின் முகத்தைப் பார்க்காமலே ஓமென்றார். சோறு சமைத்த கிடாரத்தைக் காட்டி, இதைவிடப் பெரியது யாரிடம் இருக்கிறது என்று லூசியாவிடம் விசாரிக்கத் தொடங்கினார்.