பாடம் இன்னும் வரவில்லை என்றவர்

திண்டிவனத்திலிருந்து காலையில் விழுப்புரம் வரும் பஸ் எங்கள் அலுவலக வாசலில் நிற்பதில்லை. போன வியாழக்கிழமை நின்றது. கண்டக்டர் ஆறுமுகம் படியில் நின்றபடியே குரல் கொடுத்தார். "சார், உங்க உபதேசியார் போய்ட்டாருங்க. விடியக்காலைல. சாயங்காலம் எடுக்கறாங்களாம். அவரு சம்சாரம் உங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சு."

எந்த உபதேசியார் என்று நான் கேட்கவில்லை. செய்தி சேகரிக்க ஊர் ஊராகப் போகிற எனக்கு உபதேசியார்கள் பலரைத் தெரியும். ஆனால் என்னோடு சேர்த்துப் பேசப்பட்டவர் ஞானமுத்து ஒருவர்தான். கையிலிருந்த வேலையைப் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரிடம் ஞானஸ்நான வகுப்பு படித்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனத்துக்குத் தெற்கே, பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்னச் சபைக்கு அவர் உபதேசியார். சபையார் எல்லோரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். பட்டம் பெற்ற பாதிரியார், எங்கள் பேச்சில் ஐயர், டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளின் ஆராதனை, வியாதியஸ்தர் வீட்டு ஜெபம், அடக்கம், புருஷன் பெண்டாட்டிச் சண்டை எல்லாம் ஞானமுத்துவின் பொறுப்பு.

நான் அவரை முதலில் பார்த்தது ஐம்பதுகளின் ஆரம்பத்தில், வானூர் போகும் சாலையில். பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெயில் உச்சியில் இருந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"டயரு பாருங்க சார், புதுசாட்டம் கீது. உள்ள காத்து இல்ல. வெளிய எவ்ளோ பளபளன்னு இருந்து இன்னா பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமைக்குப் பிரசங்கம் கெடைச்சிருச்சு. வானூர் வரைக்கும் தள்ளிக்கினு போகணும், அதான் பேஜாரு."

அதுதான் அவர் பழக்கம். எது தவறிப் போனாலும் அதில் ஆண்டவர் ஒரு பாடம் வைத்திருப்பார் என்பது அவர் தீர்மானம். பஸ் தவறினால் பாடம், பால் திரிந்தால் பாடம். சபையாரும் அவரை விடமாட்டார்கள். "உபதேசியாரே, எம் பொண்டாட்டி கோச்சிக்கினு தாய் வீட்டுக்குப் போய்ட்டா. இதுல இன்னா பாடம்?" என்று வழியில் மறித்துக் கேட்பார்கள். "நீ குடிக்கிறத நிறுத்துடா, பாடம் தானா வூட்டுக்கு வரும்" என்பார்.

ஒரு கோடையில் அன்னம்மாவின் குடிசை எரிந்துபோனது. அன்னம்மா விதவை, வாய் துடுக்கு. உபதேசியார் சாம்பலின் பக்கத்தில் நின்று, இந்த உலகத்தில் நமக்கு நிலையான வீடு இல்லை என்பதை ஆண்டவர் நினைப்பூட்டுகிறார் என்று சொன்னார். அன்னம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "பாடம் நல்லாத்தான் கீதுங்க. மழை வந்தா இதத் தூக்கி மேல போட்டுக்கலாமா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்; அவரும் சிரித்தார். மறுநாளே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பனை ஓலை வெட்டப் போனார். கூரை எழுந்தது. ஆனால் பாடம் சொல்லும் வேகம் குறையவில்லை. அதைக் குறைத்தது ஒரு கிணறு.

அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் கிடையாது. ஊர்க் கிணற்றில் அவர்கள் குடம் இறக்க முடியாது. சட்டம் வேறு மாதிரி சொன்னது. வழக்கம் அப்படியேதான் இருந்தது. நிலக்காரர் ஒருவரின் வயல் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓடும்போது வாய்க்காலில் மொண்டுகொள்ள அனுமதி உண்டு. கவலை ஓடாத நாளில் பெண்கள் குடத்தோடு வரப்பில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். சில நாள் வெறுங்குடத்தோடு திரும்புவார்கள். நமக்கென்று ஒரு கிணறு வேண்டும் என்று ஞானமுத்து ஆரம்பித்தார்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருவதைக் கிணற்றுக்கு வைப்பதாக முடிவானது. அந்த ஏலத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விளைச்சலின் முதல் பங்கைச் சபைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் கூலியாக வாங்கிய மல்லாட்டை என்கிற வேர்க்கடலையையும் கேப்பையையும் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் பீடத்துக்கு முன் குவித்து ஜெபித்து, ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் விடுவார்கள். ஒருவர் எடுத்த பூசணிக்காயை அவரே காணிக்கையாகத் திருப்பிக் கொடுப்பார், மறுபடியும் ஏலம். அந்த வருஷம் ஒரே பூசணிக்காய் சபை முழுவதையும் சுற்றி வந்தது. கடைசியில் உபதேசியாரின் மனைவி கிரேஸம்மாள் அதை எடுத்து முந்தானையால் மூடிக்கொண்டு, "போதும், இதுக்கு மேல வித்தா அழுகிடும்" என்றார்.

எங்கே தோண்டுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. முகையூர்ப் பக்கத்தில் கோவிந்தன் என்று ஒருவர் இருந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பார்கள். சுற்று வட்டாரத்தில் யார் கிணறு வெட்டினாலும் அவரைத்தான் அழைப்பார்கள். சபை மூப்பர் யோபு அவரைக் கூப்பிடலாம் என்றார். உபதேசியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆண்டவருக்குத் தெரியாதது தேங்காய்க்குத் தெரியுமா?" என்று கேட்டார். உபவாசமிருந்து ஜெபித்தார்கள். பிறகு அவரே இடம் குறித்தார். சபைக் கோயிலுக்கு நேர் முன்னால், ஊர்ப் பாதையை ஒட்டி.

வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துத் தோண்டினார்கள். மண் போய்ச் சரளை வந்தது. சரளை போய்ப் பாறை வந்தது. வெடி வைத்துப் பார்த்தார்கள். பாறைக்குக் கீழேயும் பாறை. ஏலத்தில் சேர்ந்தது எல்லாம் அந்தக் குழிக்குள் போன பிறகு வேலை நின்றது. கூலியை விட்டுவிட்டுத் தோண்டியவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். வேலை ஏவும் மேஸ்திரி ஒருவர் பாதையில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "இன்னா உபதேசியாரே, உங்க சாமி தண்ணி மேல நடந்தாருன்னீங்க. இங்க வந்தா செருப்பு போட்டுக்கினுதான் நடக்கணும் போல" என்பார்.

வேலை நின்ற பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். கோயில் நிறைந்திருந்தது. இத்தனை பெரிய ஏமாற்றத்துக்கு எத்தனை பெரிய பாடம் வரப்போகிறதோ என்று காத்திருந்தார்கள். சிலர் அதைக் கேலி செய்யவும் தயாராக வந்திருந்தார்கள். அவர் பிரசங்கம் செய்யவில்லை. பீடத்திலிருந்து இறங்கி வந்து நின்றார்.

"நான் தண்ணிக்கு எடம் பாக்கல. பாதைல போறவங்க கண்ணுக்குத் தெரியணும்னு எடம் பாத்தேன். சபைக்கு முன்னால கெணறு இருந்தா எவ்ளோ மகிமைன்னு நெனச்சேன். அந்த மகிமைல பாதி எனக்கு. ஆண்டவர் பேர்ல போட்ட பழிய நான் எடுத்துக்கறேன். உங்க ஒழைப்பு வீணானதுக்கு நாந்தான் காரணம். மன்னிச்சிருங்க."

யாரும் கேலி செய்யவில்லை. பின்வரிசையிலிருந்து அன்னம்மாவின் குரல் மட்டும் வந்தது. "சரிங்க. இப்ப தண்ணிக்கு இன்னா வழி?"

மறுநாள் அவர் முகையூர்ப் பக்கம் கிளம்பினார். விழுப்புரத்தில் பஸ் மாறும் இடத்தில் என்னையும் இழுத்துக்கொண்டார். கோவிந்தன் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். விஷயம் ஏற்கெனவே அவர் காதுக்கு வந்திருந்தது.

"வாங்க உபதேசியாரே. தேங்காய்க்கு இன்னா தெரியும்னு கேட்டீங்களாமே?"

"கேட்டேங்க."

"உங்க சாமி எடம் சொல்லலியா?"

"சொல்லியிருப்பாரு. நான் பேசிக்கினே இருந்தா எப்படிக் காதுல வுழும்? இப்ப உங்ககிட்ட கேக்க வந்துட்டேன்."

கோவிந்தன் தீனிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் வந்தார். தேங்காயோடு குடியிருப்பு முழுவதும் நடந்தார். கூட்டம் பின்னாலேயே போனது. கடைசியில் தேங்காய் எழுந்து நின்ற இடம் உபதேசியார் வீட்டுச் சமையல் கொட்டகை.

எல்லோரும் கிரேஸம்மாளைப் பார்த்தார்கள். அவர் அடுப்பில் இருந்த பானையை இறக்கி வெளியே கொண்டுவந்து வைத்தார். "போன தபா சபை வாசல நோண்டினீங்க, இந்தத் தபா என் அடுப்பையா? ஜல்தியா நோண்டுங்க. மழைக்கு முன்னாடி எனக்குக் கொட்டாய் போட்டாகணும்" என்றார்.

மறுபடியும் ஓர் அறுப்பின் பண்டிகை, மறுபடியும் ஏலம், மறுபடியும் முறை வைத்துத் தோண்டல். இம்முறை பாறை குறுக்கே வரவில்லை. ஒரு மத்தியானம் குழிக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. தண்ணீர். மண் கலங்கல் தெளிந்ததும், முதல் வாளியை அன்னம்மாவிடம் கொடுத்தார் உபதேசியார். அவள் இரண்டு கையிலும் ஏந்தி வாயில் ஊற்றினாள். முழுங்கவில்லை, திரும்பித் துப்பினாள்.

"உப்புங்க" என்றாள். அவள் குரலில் துடுக்கு இல்லை.

ஒவ்வொருவராகச் சுவைத்துப் பார்த்தார்கள். இறைக்க இறைக்கச் சரியாகும் என்றார் யோபு. இறைத்துப் பார்த்தார்கள். ஆகவில்லை. வாய்க்கு ஆகாத தண்ணீர்தான் அந்தக் கிணற்றுக்கு வாய்த்தது.

முதல் குழியில் அவருடைய பெருமை இருந்தது. அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவதில் என்ன இருந்தது? கேட்க வேண்டியவரைக் கேட்டார், பணிந்து போனார், தன் வீட்டுச் சமையல் கொட்டகையையே இடித்துக் கொடுத்தார். அந்த வாரம் முழுவதும் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. விசுவாசத்தை விட்டுவிடுவாரோ என்று நான் நினைத்தேன். அவர் மனைவியும் அப்படித்தான் பயந்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறி நின்றார். பிறகு சொன்னார்:

"இதுல இன்னா பாடம்னு கேப்பீங்க. தெரியல. பாடம் இன்னும் வரல. வராததை வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நேத்து சாயங்காலம் நம்ம பசங்க எல்லாம் தலை முழுவிச்சுதுங்க. மாடு கழுவினோம். துணி தொவைச்சோம். யாரும் வரப்புல போய்க் கையேந்தல. வந்த தண்ணிக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம். வராத தண்ணிக்கு ஜெபிக்கலாம்."

நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் மிகச் சிறியது. குடிதண்ணீருக்குப் பெண்கள் இன்னும் சில வருஷங்கள் வரப்பில் காத்திருந்தார்கள். அதன் பிறகு பஞ்சாயத்து யூனியன் வேறோர் இடத்தில் நல்ல கிணறு வெட்டிக் கொடுத்தது. உபதேசியாரின் கிணறு கடைசிவரை உப்பாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். தன் சைக்கிள் பஞ்சரானால் பாடம் சொல்வார், தன் குடை காணாமல் போனால் சொல்வார். அடுத்தவர் கஷ்டத்தில் பாடம் சொல்வதை விட்டுவிட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு வந்ததுல நான் பாடம் படிக்கலாம் சார். உங்களுக்கு வந்ததுல நான் பாடம் நடத்தினா, உங்க வலிய வெச்சி நான் வாத்தியார் ஆவறேன்" என்றார்.

எங்கள் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்தது. என் மனைவி திண்டிவனம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஆண்டவர் ஒரு நோக்கத்தோடுதான் செய்வார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஞானமுத்து தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். ஒரு தம்ளரில் ஊற்றி ஆற்றினார். "சூடு ஆறிட்சிம்மா. ரெண்டு வாய் குடி" என்றார். அவள் எழுந்து குடித்தாள். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அவள் தலையில் கை வைத்துச் சத்தமில்லாமல் ஜெபித்துவிட்டுப் போனார். "எனக்கு ஒண்ணும் சொல்லாம போனவர் அவர் ஒருத்தர்தான்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். எங்களுக்குப் பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் முதல் குழந்தை ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் இல்லாமலே நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வர முடிந்ததற்கு அவர்தான் காரணம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடக்கத்துக்குப் பெருங்கூட்டம். ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். கோவிந்தன் தள்ளாத வயதில் மகனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். டவுன் ஐயர் இளைஞர். சமீபத்தில் மாற்றலாகி வந்தவர். பெட்டியின் தலைமாட்டில் நின்று, "இந்த வேளையில் கர்த்தர் தம்முடைய ஊழியரை ஏன் எடுத்துக்கொண்டார் என்று பார்ப்போமானால், இதில் நமக்கு மூன்று பாடங்கள்..." என்று ஆரம்பித்தார்.

கிரேஸம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தினார்.

"ஐயரே, அதக் கொஞ்ச நாள் கழிச்சி வந்து சொல்லுங்க, கேக்கறேன். இப்ப எனக்குப் புருஷன் போய்ட்டாரு. எல்லாருமா ஒரு பாட்டு பாடுங்க."

அந்த ஐயரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த காகிதத்தை மடித்துவிட்டு, தானே முதலில் பாட ஆரம்பித்தார். கூட்டம் சேர்ந்துகொண்டது. சுருதி சேரவில்லை. ஆனால் சத்தம் பாதை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். தெரியாததைத் தெரியவில்லை என்று ஆண்டவர் முன்னிலும் சொல்லலாம். அது அவிசுவாசம் ஆகாது. தெரிந்ததற்கு நன்றி சொல்ல அது தடையும் ஆகாது. அவர் ஏன் இப்போது போனார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்தார் என்பது தெரியும். என் மனைவி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள் என்பது தெரியும். அதற்கு ஸ்தோத்திரம்.