செங்கல்பட்டுக் கண்காட்சியில் கிழிந்த வரைபடம்

லோகநாயகி ஒன்பதாவது படித்த வருடம் குப்பத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போயிற்று. தொண்ணூற்று நான்காம் ஆண்டு அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மீனவர் குப்பம். அங்கிருந்த சவுக்குத்தோப்பை வெட்டிவிட்டு வெளியூர்க்காரர் ஒருவர் இறால் பண்ணை போட்டிருந்தார். கடல்நீரை மோட்டார் வைத்து இழுத்துக் குட்டைகளில் தேக்கினார்கள். அடுத்த கோடைக்குள் கிணறு உப்பேறிவிட்டது. லோகநாயகியின் அம்மா ஆதியம்மாள் மீன் விற்றுவிட்டு வந்து, கூடையை இறக்கிய கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குப்பத்துக்கு நடப்பாள்.

பள்ளியில் தாமோதரன் என்றொரு அறிவியல் ஆசிரியர். மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். கடைசி மணி அடித்த பிறகும் விருப்பமுள்ள பிள்ளைகளை ஆய்வகத்தில் வைத்துக்கொண்டு சோதனைகள் செய்யவிடுவார். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எதை ஆராயலாம் என்று அவர் கேட்டபோது லோகநாயகி எழுந்தாள்.

"எங்க கெணத்துக்கு இன்னா ஆச்சின்னு பாக்கலாம் சார்."

அவளும் வகுப்புத் தோழன் ஏசுதாஸும் கிணறு கிணறாகப் போய்ப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். அதில் மஞ்சள் ரசாயனம் ஒன்றைக் கலந்து, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். உப்பு தீர்ந்ததும் மஞ்சள், செங்கல் நிறத்துக்கு மாறும். உப்பு கூடக்கூடச் சொட்டும் கூடும். குப்பத்துக் கிணற்று நீர் எவ்வளவு விட்டாலும் குடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளி நைட்ரேட் பட்டு லோகநாயகியின் விரல்கள் கறுத்துப்போயின. சோப்புக்கும் போகவில்லை.

"மருதாணி வெச்சிக்கடின்னா கரிய பூசிகினு வந்துகீற" என்று ஆதியம்மாள் திட்டினாள்.

"கடல் பக்கத்துலயே இருக்கே, அதனால உப்பாயிருக்கலாம் இல்லையா?" என்று தாமோதரன் கேட்டார். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் அவர்கள் பக்கத்துக் குப்பத்துக் கிணறுகளுக்கும் போனார்கள். அவையும் கடலுக்கு அதே தூரத்தில் இருந்தன. ஆனால் அங்கே பண்ணை இல்லை. சில சொட்டுகளிலேயே நிறம் மாறிவிட்டது. மழைக்குப் பிறகு மறுபடி சோதித்தார்கள். அப்போதும் அப்படியே. தாமோதரன் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். பெரிய அட்டையில் வரைபடம் வரைந்தார்கள். குட்டைகளுக்கு நீலம் தீட்டியது லோகநாயகி.

கண்காட்சி செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் நடந்தது. அங்கே அவள் அட்டையைப் பிரித்துப் பார்த்தாள். குட்டைகள் இருந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பக்கத்துக் குப்பம் இருந்த ஓரத்தையே வெட்டி எடுத்திருந்தார்கள்.

"இன்னா சார் இது?"

"எச்.எம். சொல்லிட்டாரு. பண்ணைக்காரர்தான் நமக்குப் புதுக் கட்டடம் கட்டித் தர்றாரு. உப்பு எவ்வளவுன்னு மட்டும் சொல்லு லோகு. போதும்."

"அப்ப பக்கத்துக் குப்பத்துக் கெணறு எங்க சார் போச்சி?"

தாமோதரன் அட்டையை வாங்கி மேசைமேல் நிமிர்த்தி வைத்தார்.

நடுவராக வந்த அம்மையார் அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கிணத்துல ஏன் இவ்வளவு உப்பு?" என்று கேட்டார். லோகநாயகி வாய் திறப்பதற்குள் தாமோதரன், "கடல் பக்கம் மேடம், இயற்கைதான்" என்றார்.

அவள் நகத்தால் தாளைப் பிய்த்தாள். பசை நன்றாகக் காய்ந்திருந்ததால் தாளோடு நீலமும் கிழிந்து வந்தது.

"இங்க இறால் குட்டை கீது மேடம். மறைச்சி ஒட்டிக்கீறாங்க. பக்கத்துக் குப்பமும் கடலாண்டதான் கீது, அங்க தண்ணி நல்லாக்கீது. இவருகூட நின்னு பாத்தாரு. இயற்கைன்றது பொய்!"

அம்மையார் தாமோதரனைப் பார்த்தார், கிழிந்த அட்டையைப் பார்த்தார். "ஆசிரியர்கிட்ட மரியாதையா பேசணும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

மறுநாள் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, பிரேயரில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் டி.சி. தான் என்றார். அவள் கேட்கவில்லை. வீட்டில் போய்ச் சொன்னாள். ஆதியம்மாள் கிணற்றில் ஒரு குடம் மொண்டுகொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு வந்து, மேசைமேல் தண்ணீர் தளும்பக் குடத்தை வைத்தாள்.

"எம் பொண்ணு பொய் சொல்லிச்சின்னா சொல்லு, நானே இஸ்துகினு பூட்றேன். இல்லன்னா இந்தா, எங்க குப்பத்து தண்ணி. ஒரு கிளாஸ் குடி சார், பாக்கலாம்."

அவர் குடிக்கவில்லை. டி.சி.யும் கொடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாலையில் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. தாமோதரன் கடைசி மணி அடித்ததும் பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஏசுதாஸ் கெஞ்சிக்கூடப் பார்த்தான். சாவி எச்.எம்.மிடம் இருக்கிறது என்றார்.

அடுத்த வருடம் நோய் வந்து இறால் மொத்தமும் செத்தது. பண்ணைக்காரர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார், குட்டைகளைக்கூட மூடவில்லை. புதுக் கட்டடம் பாதிச் சுவரோடு நின்றது. "சாமி கூலி குடுத்துச்சி பாத்தியா" என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டாலே லோகநாயகிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சாமி இன்னா பண்ணிச்சி? கெணறு அப்டியேதான கீது!"

அவள் வேதியியல் படித்தாள். இரண்டாயிரத்து மூன்றில் செங்கல்பட்டில் தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் சாயங்காலம் பஸ் நிலையத்தில் தாமோதரன் எதிர்ப்பட்டார். அவள் வேலையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கூட வந்தவரிடம், "நம்ம ஸ்டூடண்ட். தண்ணி டெஸ்ட் பண்ண இவளுக்குக் கத்துக்குடுத்ததே நான்தான்" என்றார்.

"ஆமா, நல்லா கத்துக்குடுத்தாரு" என்றாள் லோகநாயகி. "எங்களுக்கு அப்புறம் ஒருத்தருக்கும் கத்துக்குடுக்கல. ரூம பூட்டிட்டாரு."

கூட வந்தவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். தாமோதரன் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமல்லபுரம் பஸ் வந்து நின்றது. அவள் காத்திருக்கவில்லை, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள்.